வியாழக்கிழமைப் படம்

"முப்பது போதும், மிரியல். அதுக்கு மேல பலகையில எடமில்ல," என்றாள் சந்த்ரின். ஒரு கையில் பசைக்குச்சி, இன்னொரு கையில் கத்தரிக்கோல். "இல்லேன்னா போனை இப்படிக் குடு. நானே பாத்து எடுத்துக்கறேன். நீ போய் மூஞ்சியைக் கழுவிட்டு வா."

"நானே எடுக்கறேன்," என்றாள் மிரியல். போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நான் என்ன அதைக் கடிச்சா தின்னுடப் போறேன்?" என்று முணுமுணுத்துவிட்டு சந்த்ரின் பிரிண்டரின் பக்கம் திரும்பினாள்.

அது மிரியலின் போன் அல்ல. அவளுடைய அம்மா ரெமோந்தின் போன். ரெமோந்த் செத்து ஐந்து நாளாகிறது. பிற்பகல் இரண்டரை மணிக்குக் கோயில், பிறகு கல்லறை, அதன் பிறகு ஊர்ப் பொதுக்கூடத்தில் வந்தவர்களுக்குக் காப்பியும் ஒயினும். அந்தக் கூடத்தில் ஒரு பெரிய பலகை வைத்து ரெமோந்த் எடுத்த படங்களை ஒட்டலாம் என்பது மருமகள் சந்த்ரினின் யோசனை. எல்லோருக்கும் பிடித்துப் போய்விட்டது. பிடிக்காமல் எப்படி இருக்கும்? ரெமோந்தின் படம் வராத போன் அந்த ஊரில் ஒன்றுகூடக் கிடையாது.

மிரியல் அம்மாவின் சமையலறை மேசையில் உட்கார்ந்து படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு படங்கள். முப்பதைத் தேர்ந்தெடுப்பதாகத்தான் பேர். அவள் தேடியது ஒன்றே ஒன்றை.

அந்த போனை வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். போன வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு. அதுவரைக்கும் ரெமோந்த் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு மகள் இருக்கும் லியோன் நகரத்துக்குப் போன் போட்டு முக்கால் மணி நேரம் பேசுவாள். கோழி முட்டை வைக்காதது, பக்கத்து வீட்டு ஜோசெத் வேலியை வெட்டாதது, கோயிலுக்குப் பாதிரியார் வராதது. மிரியல் காதில் போனை இடுக்கிக்கொண்டு பாத்திரம் கழுவுவாள், நகத்துக்குச் சாயம் பூசுவாள், சில நாள் சத்தத்தை அடக்கிவிட்டுத் தொலைக்காட்சிகூடப் பார்த்திருக்கிறாள். "இதுல படம் எடுத்து அனுப்பும்மா. நான் எப்ப முடியுதோ அப்பப் பாத்துக்கறேன்," என்று சொல்லித்தான் கொடுத்தாள். அன்பளிப்பு என்று வண்ணக் காகிதம் சுற்றியிருந்தாள். தன் ஏழு மணியைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்கு அவள் கொடுத்த விலை அது.

எழுபத்தொன்பது வயசுக்காரிக்கு இதெல்லாம் வராது என்று சந்த்ரினின் கணவனான அண்ணன் ரெஜி சிரித்தான். இரண்டே வாரத்தில் ரெமோந்த் கை தேர்ந்துவிட்டாள். நாளைக்கு ஆறேழு படமாவது வரும். மூலையில் அவளுடைய கட்டைவிரல் நுனி கட்டாயம் இருக்கும். பனிமூட்டம், குப்பை வண்டியின் புது ஓட்டுநர், கீரை மேல் ஊரும் நத்தை, சூப்பு, ஜோசெத்தின் கொடியில் காயும் உள்பாவாடை. ஊருக்கெல்லாம் ஒன்றிரண்டு போகும். மகளுக்கு எல்லாமே போகும்.

மிரியல் முதல் வாரம் பார்த்தாள். பிறகு சத்தத்தை நிறுத்தி வைத்தாள். காலையில் டிராமில் வேலைக்குப் போகும்போது வரிசையாக வந்து கிடக்கும் படங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு இதயம் போட்டுக்கொண்டே போவாள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு தரம். ஒரு படத்துக்கு ஒரு நொடிகூட ஆகாது. ஒன்றையும் விட்டதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ரெமோந்துக்கோ அதைவிடப் பெருமை. "எம் பொண்ணு லியோன்ல அவ்ளோ வேலைக்கு நடுவுல நான் அனுப்பற ஒவ்வொண்ணையும் பாக்கறா," என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இன்று காலையில்தான் மிரியல் அவற்றை உண்மையில் பார்க்கிறாள். படங்களோடு அம்மா எழுதியிருந்ததையும் படிக்கிறாள். கத்தரிப்பூ நிறத்தில் வீங்கிய கணுக்கால்: "இது ரெண்டு நாளா இப்படியிருக்கு, டாக்டர்கிட்ட போகணுமா?" அதன் மேல் ஓர் இதயம். மாத்திரை அட்டை: "காலையிலயா ராத்திரியா, எழுத்து தெரியல." இதயம். வாசற்படியில் இரண்டு நாற்காலி, ஒன்று காலி: "ஞாயித்துக்கிழமை வர்றியா?" இதயம். அம்மா அந்த ஞாயிறு கோழி அறுத்துக் காத்திருந்திருப்பாள். இதயத்தை வருவதாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பாள். வராதபோது ஒரு வார்த்தை கேட்கவில்லை. திங்கட்கிழமை மறுபடி பனிமூட்டத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள்.

மிரியலுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. கேட்டிருக்கலாமே அம்மா, திட்டியிருக்கலாமே, என்று நினைத்தாள்.

"கெடச்சுதா?" என்றாள் சந்த்ரின்.

"எது?"

"என்ன எதுங்கற? படம்! பதினொண்ணுதான் அனுப்பியிருக்க எனக்கு."

நத்தையையும் குப்பை வண்டியையும் அனுப்பி வைத்தாள். பிரிண்டர் இருமிக்கொண்டே அவற்றை வெளியே தள்ளியது. அப்புறம் அக்டோபர் மாதத்துக்குப் போனாள். பதினேழாம் தேதி, வியாழக்கிழமை, பதினொன்று நாற்பது.

படம் தெளிவாக இருந்தது. அதுதான் கொடுமை. ரெமோந்த் எடுத்த நாலாயிரத்தில் ஆடாமல் அசையாமல் விழுந்த படங்களில் அதுவும் ஒன்று. செய்தித்தாளை விரித்து ஆறு காளான்கள், ஓரத்தில் அவற்றைக் கட்டிக்கொண்டு வந்த தலைக்குட்டை. ஐந்தை நிற்க வைத்து, ஒன்றைப் பக்கவாட்டில் படுக்க வைத்திருந்தாள். வெட்டவில்லை, அடியோடு பிடுங்கியிருந்தாள். முசியே வேசியேர் நாற்பது வருஷமாக ஊருக்குச் சொல்லி வந்த முறை அது: "கத்தி போடாதீங்க. மண்ணோட பிடுங்கிட்டு வாங்க. அடியைப் பாக்காம நான் வாய் தொறக்க மாட்டேன்."

ஊரார் முசியே, அதாவது ஐயா, என்று கூப்பிடும் வேசியேர் அங்கே மருந்துக்கடை வைத்திருந்தவர். மருந்துக்கடைக்குப் படிப்பவர்கள் காளான் பாடமும் படித்தாக வேண்டும். இலையுதிர் காலம் வந்தால் சனங்கள் காட்டிலிருந்து நேரே கூடையோடு கடைக்கு வருவார்கள். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, நல்லதை இந்தப் பக்கமும் கெட்டதைக் குப்பைக்கும் தள்ளுவார். மூன்று வருஷத்துக்கு முன்னால் கடையை மூடினார், வாங்க ஆள் வரவில்லை. அப்புறமும் சனங்கள் கூடையோடு அவர் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

படத்தின் கீழே ரெமோந்த் எழுதியிருந்தாள்: "ஓடைக்கு அந்தப் பக்கம் கருவாலி மரத்தடியில கெடச்சுது. வேசியேர் வீட்டைத் தட்டிப் பாத்தேன், ஆளில்ல. நீதான் படிச்சிருக்கியே. சாப்பிடலாமா?"

மிரியல் படித்திருந்தாள். இருபது வயதில் மருந்தியல் படிக்கப் போய், மூன்றாம் வருஷம் முடித்துவிட்டுக் கைவிட்டவள். இப்போது வேலை பார்ப்பது முகப்பூச்சு விற்கும் கம்பெனியில். அம்மாவுக்கு மட்டும் அவள் எப்போதும் முக்கால் மருந்துக்கடைக்காரி. படத்தில் எல்லாமே இருந்தது. லேசான பச்சை ஓடிய குடை, அதற்கடியில் வெள்ளை மடிப்பு, தண்டில் வளையம், படுக்க வைத்த காளானின் அடியில் கிழிந்த முட்டை ஓடு போல ஒரு பை. ஆளைக் கொல்லும் காளான்; பரீட்சையில் முதல் கேள்வியே அதுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பெயர் சொல்லியிருப்பாள்.

அதன் மேல் ஓர் இதயம். பன்னிரண்டு பத்துக்கு.

பன்னிரண்டு நாற்பதுக்கு அடுத்த படம். வாணலியில் வெண்ணெய், பூண்டு, மல்லிக்கீரை மாதிரி ஏதோ பச்சை. "நீ சொன்னா சரி. வாசனை அள்ளுது!" அதன் மேலும் ஓர் இதயம்.

மிரியல் இரண்டு படங்களையும் அழித்தாள். நிச்சயமாகவா என்று போன் கேட்டது. நிச்சயமாகத்தான் என்று அழுத்தினாள். அழித்தவை முப்பது நாள் இன்னோர் இடத்தில் கிடக்கும் என்பது அவளுக்குத் தெரியும், அங்கே போயும் அழித்தாள். அம்மா தனக்கு அனுப்பியதையும், தன் போனில் வந்ததையும் அழித்தாள். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிஷம் ஆனது. அந்த மூன்று நிமிஷத்தை அந்த வியாழக்கிழமை அம்மாவுக்குக் கொடுத்திருந்தால் இந்த வீட்டில் இன்று பிரிண்டர் ஓடிக்கொண்டிருக்காது. இதை நினைக்கக் கூடாது என்று நினைத்தாள்.

"இந்தா முப்பது," என்று மிச்சப் படங்களையும் அனுப்பிவிட்டு போனை சந்த்ரினிடம் நீட்டினாள். "நீயே வச்சுக்கோ."

அம்மா மருத்துவமனையில் படுத்திருந்தபோது சொன்னது அதற்கு நேர்மாறானது.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வாந்தியும் பேதியுமாகக் கிடந்தவளை ஜோசெத்தான் கண்டுபிடித்து ரெஜிக்குச் சொன்னாள். ரெஜி லியோனுக்குப் போன் செய்தான். "அம்மா ஏதோ காளான் தின்னிருக்கு," என்றான். மிரியல் அலுவலகத்துக் கழிப்பறையில் நின்று வியாழக்கிழமைப் படத்தை முதல் தரம் பார்த்தாள்.

மருத்துவமனையில் டாக்டரம்மா கேட்டாள்: "மிச்சம் மீதி இருக்கா? யாராவது படம் எடுத்தீங்களா? என்ன காளான்னு தெரிஞ்சா நல்லது."

"எங்கம்மா எதைத்தான் படம் எடுக்காம விட்டா?" என்று ரெஜி தங்கையைப் பார்த்தான். "பாருடி உன் போன்ல."

"பாத்தேன். இல்ல," என்றாள் மிரியல்.

ரெஜி முப்பது கிலோமீட்டர் திரும்பி ஓட்டிப்போய், கோழிக்குப் போட வைத்திருந்த வாளியிலிருந்து தோலையும் தண்டையும் பொறுக்கிக்கொண்டு வந்தான். அதற்கு மத்தியானம் ஆகிவிட்டது. ஆனாலும் மருந்து அதற்கு முன்பே ஏறிக்கொண்டுதான் இருந்தது. படத்தைக் காட்டியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று மிரியல் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அது உண்மையாகவும் இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ரெமோந்த் தெளிந்து உட்கார்ந்தாள். பசிக்கிறது என்றாள். அந்த விஷத்தின் குணம் அது, நடுவில் இரண்டு நாள் விட்டுக்கொடுக்கும். அம்மா பிழைத்துவிட்டாள் என்று ரெஜி சந்தோஷப்பட்டான். பாடத்தில் அந்தப் பக்கம் மிரியலுக்கு நன்றாக நினைவிருந்தது.

"யாரும்மா உனக்கு அது நல்ல காளான்னு சொன்னது?" என்று ரெஜி கேட்டான். "நீயா தின்னிருக்க மாட்ட. உனக்கு அவ்ளோ தைரியம் கெடையாது."

ரெமோந்த் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கண்ணாடியை உடைத்துவிட்டு வந்த பிள்ளையைத் தலைமையாசிரியர் எதிரில் வைத்து ஒரு தாய் பார்க்கிற பார்வை.

"வேசியேர்கிட்ட காட்டினேன்," என்றாள். "பாத்துட்டு நல்லதுன்னுதான் சொன்னாரு."

ரெஜி வாயில் வந்ததையெல்லாம் சொல்லி வேசியேரைத் திட்டினான். கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று ஊருக்கே தெரியும், போன மாசம் ரொட்டிக் கடைக்குச் செருப்பில்லாமல் வந்தான், இவனிடம் போய்க் காட்டலாமா என்று கத்தினான். காப்பி வாங்க வெளியே போனான். அவன் போனதும் ரெமோந்த் படுக்கையைத் தடவி போனை எடுத்து மகளின் கையில் வைத்தாள்.

"இதை நீ வச்சுக்கோ. சந்த்ரின்கிட்ட குடுக்காத. அவ நோண்டுவா."

மிரியல் வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவுக்கு நன்றியும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. புதன்கிழமை கண்ணெல்லாம் மஞ்சளாகி ரெமோந்த் போய்ச் சேர்ந்தாள்.

கோயிலில் பாதிரியார் இல்லை. இருபத்திரண்டு ஊருக்கு ஒரே பாதிரியார், அவருக்கு அன்று வேறோர் ஊரில் வேறொரு பிணம். பணி ஓய்வு பெற்ற டீச்சர் ஒருத்தி நின்று ஜெபம் வாசித்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்து பெட்டியின் மேல் புனித நீரைத் தெளித்துவிட்டுத் தெளிப்பானைப் பின்னால் வருகிறவரின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மிரியலுக்கு முகங்கள் மனசில் பதியவில்லை, தெளிப்பான் கை மாறுவது மட்டும் தெரிந்தது.

ஜோசெத் தெளித்தாள். பின்னால் நின்றவரின் கை நீண்டது. ஜோசெத் திரும்பிப் பார்த்தாள். தெளிப்பானை அந்தக் கையில் கொடுக்காமல் புனித நீர் வாளிக்குள் போட்டுவிட்டு நகர்ந்தாள். கோயிலே பார்த்தது. வேசியேர் குனிந்து வாளிக்குள் கையை விட்டுத் தேடினார். சட்டைக் கை முழங்கைவரை நனைந்தது.

அன்றைக்கு அவர் வராமல் இருந்திருக்கலாம். வந்தார். பொதுக்கூடத்துக்கும் வந்தார்.

கூடத்தில் பலகைதான் எல்லோரையும் இழுத்தது. "ஐயோ, என் உள்பாவாடை!" என்று ஜோசெத் கத்தினாள். சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்தியவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். குப்பை வண்டி ஓட்டுநர் தன் படத்தைத் தானே போனில் படம் எடுத்துக்கொண்டான். மிரியல் சன்னலோரம் நின்றாள். வேசியேர் மேல்கோட்டைக் கழற்றாமல் கூட்டத்தின் நடுவே வழி கேட்டுக்கொண்டு அவளிடம் வந்தார். வழி விட்டார்கள், முகம் கொடுக்கவில்லை.

"மிரியல், பொண்ணே," என்றார். "ஒரு நிமிஷம் குடும்மா."

"சொல்லுங்க, முசியே வேசியேர்."

"உங்கம்மா என்கிட்ட காட்டினாங்களாம். ரெஜி என் வீட்டு வாசல்ல நின்னு கத்திட்டுப் போனான். நானும் நாலு நாளா யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன்." ஈரச் சட்டைக் கையைப் பிசைந்தார். "மொதல்ல ஒண்ணும் ஞாபகம் வரல. இப்பக் கொஞ்சம் வருது. கூடையோட வந்தாங்க. நீலத் துணி போட்டு மூடியிருந்துச்சு. நான் கண்ணாடி போடல போல. பாத்தேன்... நல்லதுன்னு சொல்லியிருக்கேன். என் வாயால சொல்லியிருக்கேன்."

நீலத் துணியும் இல்லை, கூடையும் இல்லை. ரெமோந்த் அந்தக் காளான்களைத் தன் தலைக்குட்டையில் கட்டிக்கொண்டு வந்தவள். ஊர் சொன்னதை வைத்துக் கிழவர் தன் தலைக்குள் தானே ஒரு படம் எடுத்துவிட்டார். இனி அது அழியாது.

"நாப்பது வருஷம், மிரியல். நாப்பது வருஷத்துல ஒருத்தருக்கு வயித்து வலின்னு வந்ததில்ல. அது ஒண்ணுதான் நான் ஒழுங்காப் பண்ணினது." கண்ணீர் மூக்கோரம் இறங்கியது, அவர் துடைக்கவில்லை. "பெத்தவளைக் கொன்னுட்டேன் உனக்கு. நீயும் படிச்சவ, உனக்குப் புரியும். எப்படி அதைப் பாக்காம விட்டேன்?"

மிரியல் வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது சின்ன வாக்கியம். அம்மா உங்ககிட்ட வரவே இல்ல. நாக்கின் நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்தது வரும். பலகைக்குப் பக்கத்தில் ரெஜி கையில் கோப்பையோடு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜோசெத் பேச்சை நிறுத்தியிருந்தாள். கூடத்தில் பாதிப் பேர் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

"வயசாயிடுச்சு, முசியே வேசியேர்," என்றாள் மிரியல். "யாருக்கும் நடக்கறதுதான். நீங்க வேணும்னு பண்ணலையே." அவருடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் உங்களை மன்னிச்சுட்டேன்."

வேசியேர் அவள் கையின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினார். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஜோசெத் தன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தங்கமான பொண்ணு," என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

ரெஜி கோப்பையை வைத்துவிட்டு வந்தான். அவன் முகம் சிவந்திருந்தது. "எனக்கு இந்த மனசு வராதுடி," என்றான். "நீ அப்படியே அம்மா." பிறகு கிழவரின் தோளைத் தொட்டான். "வாங்க, வீட்ல விட்டுடறேன். இந்த ஈரத்தோட நடந்து போக வேணாம்."

"இனிமே யாரும் கூடை எடுத்துட்டு என் வீட்டுக்கு வர வேணாம்னு சொல்லிடுப்பா," என்று வேசியேர் போகிற போக்கில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "நான் இனிமே பாக்க மாட்டேன்."

சன்னல் வழியாக மிரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். ரெஜி வண்டியின் முன் இருக்கையில் கிடந்த கயிற்றையும் இரும்புச் சாமானையும் பின்னால் தூக்கிப் போட்டு இடம் செய்தான். கிழவரை ஏற்றினான். அவருக்கு இருக்கைப் பட்டையின் கொக்கி எங்கே என்று தெரியவில்லை. ரெஜி அவர் மேல் குனிந்து, சின்னக் குழந்தைக்குச் செய்வது போல அதை இழுத்து மாட்டிவிட்டான்.

"காலையிலேர்ந்து பட்டினி நீ," என்று சந்த்ரின் ஒரு தட்டை அவள் கையில் திணித்தாள். "ஜோசெத் சுட்ட ஆப்பிள் கேக். ஒரு வாயாவது போட்டுக்கோ."

தொண்டையில் இறங்காது என்றுதான் மிரியல் நினைத்தாள். முதல் துண்டு இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. ஓரத்தில் கருகியிருந்ததையும் விடாமல் தின்று, தட்டில் ஒட்டியிருந்த தூளை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"நல்லா இருக்கு," என்றாள். "இன்னும் இருக்கா?"